கோட்டை காணச் செல்வோர் காண வேண்டியவை

(ஆம்பூர்த் தமிழன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிலகங்களிலும் கிழமைக்கு ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாளில் மனைவி மக்களுடன் வேலூருக்குப் பேருந்து ஏறும் உழைப்பாளத் தோழர்களே!

ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்த் தொலைவே. ஆங்குச் செல்வோர் அகழியைப் பார்க்கின்றனர், மதிலின்மேல் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்கின்றனர், கோயில் மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளைத் தடவிப் பார்க்கின்றனர், குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கித் தருகின்றனர், மாலையில் திரும்புகின்றனர். ‘என்ன கண்டீர்?’ என வினவினால், ‘பெரிய கோட்டை’ என்பதே விடை. அது பெரிதா சிறிதா என்றறிய ஒரு நாளைச் செலவிட வேண்டுவதில்லை. அக்கோட்டை யாரைக் காத்தது, யாரைக் காக்கத் தவறியது, ஏன் தவறியது என்று கண்டு வருவதே காட்சி. ஏனையவை எல்லாம் வெறும் பார்வை.

வள்ளுவப் பெருந்தகை அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். உயரம், அகலம், திண்மை, அருமை என்று அரணின் இலக்கணங்களையெல்லாம் அடுக்கிக் கூறிய அப்பெருமகனார், இறுதியில் ஒரு பெருங்குண்டைத் தூக்கிப் போட்டார். எத்துணைச் சிறப்புடைய அரணாயினும், உள்ளிருப்போர் செயலில் சிறந்தவராய் இல்லாவிடின், அஃது இல்லாததற்கு ஒப்பாகும் என்றார். குறளின் அதிகாரங்கள் 133. வேலூர்க் கோட்டையின் பரப்பும் 133 ஏக்கர் என்பர். இப்பொருத்தம் தற்செயலே. ஆனால் வள்ளுவர் அவ்வதிகாரத்தின் இறுதியில் சொன்ன ஒரு குறளுக்கு அந்த 133 ஏக்கரும் உரையாக விரிந்து கிடப்பது தற்செயலன்று.

பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின்கீழ் நாயக்கத் தலைவர்கள் எழுப்பிய கோட்டை அது. கருங்கல்லால் ஆன இரட்டை மதில். சுற்றிலும் ஆழ்ந்த அகழி. அதனைப் பீசப்பூர்ப் படை கைக்கொண்டது, மராட்டியர் கைக்கொண்டனர், முகலாயர் கைக்கொண்டனர், ஆர்க்காட்டு நவாபு கைக்கொண்டார், ஈற்றில் வெள்ளையர் கைக்கொண்டனர். கல் அசையவில்லை, கைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஏன் மாறின? அதற்கு மூன்று நிகழ்ச்சிகளைப் பார்த்தல் போதும்.

முதல் நிகழ்ச்சி கி.பி. 1614இல் நடந்தது. விசயநகர அரியணைக்கு உரியவனாகிய சீரங்கனும் அவன் மனைவி மக்களும் இக்கோட்டையினுள்ளேயே கொலையுண்டனர். அகழியைக் கடந்து வந்த பகைவர் எவரும் அவர்களைக் கொல்லவில்லை. உள்ளிருந்த உறவினர் கூட்டமே கொன்றது. அவன் மக்களுள் ஒரு சிறுவன் மட்டும் உயிர் தப்பினான். அவனைத் துணிமூட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டு சேர்த்தவர் ஆடை வெளுக்கும் ஏழைத் தொழிலாளி ஒருவர். அரசகுலத்தார் கொன்ற குலத்தை அழுக்கு மூட்டை சுமந்தவர் காத்தார். கோட்டையில் மகால்களுக்குப் பெயர் உண்டு; அம்மனிதருக்குப் பெயர் இல்லை. உழைப்பாளர் கோட்டைக்குள் நுழையும்போது முதற்கண் நினைக்க வேண்டியவர் அவரே அல்லரோ?

இரண்டாம் நிகழ்ச்சி கி.பி. 1806 (திருவள்ளுவர் ஆண்டு 1837), சூலைத் திங்கள் 10ஆம் நாள் நடந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மக்களும் குடும்பத்தாரும் இக்கோட்டையிற்றான் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். அக்காலத்தே கும்பினிப் படையிலிருந்த நம்மவர்க்கு வெள்ளையர் புதிய கட்டளைகள் பிறப்பித்தனர். நெற்றியில் சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். பழைய தலைப்பாகையை நீக்கித் தோற்குஞ்சம் வைத்த புதிய தொப்பியை அணிய வேண்டும். மறுத்தோர்க்குக் கசையடி, படையிலிருந்து நீக்கம்.

தோழர்களே! தோல் இப்பகுதிக்குச் சோறு போடும் பொருள். அதில் இழிவில்லை; அதனைத் தொட்டு உழைக்கும் கையிலும் இழிவில்லை. அவர்கள் வெகுண்டது ஒரு துண்டுத் தோலைக் கண்டு மட்டுமா? ஒருவன் தலையில் எதை அணிய வேண்டும் என்பதை அவனைக் கேளாமலே அயலான் முடிவு செய்த செருக்கைக் கண்டும் அன்றோ? இன்று தலைமேல் தொப்பியை வைக்கிறவன், நாளை நாவின்மேல் மொழியை வைப்பான் என்பதை வரலாறு பின்னர்க் காட்டிற்று.

சூலை 9ஆம் நாள் கோட்டையில் திப்புவின் மகளுக்குத் திருமணம். அந்நாள் கழிந்த நள்ளிரவுக்குப் பின் படைஞர் எழுந்தனர். வெள்ளைப் படைஞர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விடியலில் திப்புவின் புலிக்கொடி மதிலின்மேல் பறந்தது. சிப்பாய்ப் புரட்சி என்று வடநாட்டார் போற்றும் 1857க்கு 51 ஆண்டுகள் முற்பட்ட எழுச்சி இது! ஆனால் அவ்வெழுச்சி ஒரு பகற்பொழுதுகூட நீடிக்கவில்லை. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்த கில்லெசுபி கயிற்றைப் பற்றி மதிலேறினான்; பீரங்கியால் வாயிலைத் தகர்த்தனர். நூற்றுக்கணக்கான நம்மவர் கொல்லப்பட்டனர். மாளிகையில் புகலடைந்திருந்தோரையும் இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டனர்.

அத்துணை வலிய மதில் ஏன் உதவவில்லை? எழுச்சித் திட்டத்தை முன்னரே வெள்ளை மேலாளரிடம் சொன்னவன் அப்படையிலேயே இருந்தான். அவன் சொல்லை அவர்கள் நம்பாமற் போனதே எழுச்சிக்குக் கிடைத்த வாய்ப்பு. கோட்டை கைக்கு வந்தபின் காவலை மறந்து கொள்ளையில் இறங்கியவர் பலர். வெளிப்பகைவன் ஆர்க்காட்டிலிருந்து வருமுன்பே உட்பகையும் ஒழுங்கின்மையும் கோட்டைக்குள் வந்துவிட்டன. ஆயினும் அக்குருதி வீண்போகவில்லை. தொப்பிக் கட்டளை திரும்பப் பெறப்பட்டது. சென்னை ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரேடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டனர்.

மூன்றாம் நிகழ்ச்சி கடலுக்கு அப்பால் தொடங்கிப் பாலாற்றங்கரையில் முடிந்தது. இலங்கைத் தீவின் கடைசி முடிமன்னன் கண்டியை ஆண்ட விக்கிரம இராசசிங்கன். இளமைப் பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மரபினன். 1798இல் முடி சூடினான். 1803இல் கண்டிக்குள் புகுந்த வெள்ளைப் படையை அழித்தவன் அவனே. மலையும் காடும் அவனுக்கு இயற்கை அரண். அதே கண்டி 1815இல் ஏறத்தாழப் போரின்றியே வீழ்ந்தது! அவன் கொடுந்தண்டனைகள் அவனுடைய தலைவர்களை அவனிடமிருந்து பிரித்தன. அத்தலைவர்கள் பகைவனிடம் சென்று சேர்ந்தனர். பிப்பிரவரி 18ஆம் நாள் மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2ஆம் நாள் அத்தலைவர்களே வெள்ளையனுடன் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மன்னன் செய்த பிழையும் உண்டு. தலைவர்கள் செய்த பிழையும் உண்டு. அவ்விரு பிழைகளின் நடுவே ஒரு நாடு உரிமை இழந்தது.

1816இல் மன்னனைக் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். கண்டி மகால் என்று இன்றும் வழங்கும் கட்டடம் அவன் பெயரால் அமைந்ததே. ஏறத்தாழப் பதினாறாண்டு சிறையிருந்து, 1832 சனவரி 30ஆம் நாள் அங்கேயே மாண்டான். அவன் அரியணை 1934இல் இலங்கைக்குத் திரும்பிற்று, அவன் திரும்பவில்லை. பாலாற்றங்கரையில் அவன் கல்லறை நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1990இல்தான் தமிழக அரசு அதன்மேல் முத்து மண்டபம் எழுப்பிற்று. கோட்டையைக் காண்போரில் எத்தனை பேர் அம்மண்டபத்தை எட்டிப் பார்க்கின்றனர்?

கோட்டையினுள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அம்மன்னனுக்குரிய யானைத்தந்தச் சதுரங்கப் பலகை வைக்கப்பட்டிருக்கிறது. அதன்முன் குழந்தைகளைச் சற்றே நிறுத்துங்கள். உண்மையான நாற்படையையும் இழந்தவன் தந்தத்தாலான நாற்படையை நகர்த்திப் பொழுது கழித்தான் என்று சொல்லுங்கள். உரிமை இழந்தவனுக்கு விளையாட்டு மட்டுமே மிஞ்சும் என்பதை எந்தப் பாடநூலும் இத்துணைத் தெளிவாய்க் கற்பிக்காது.

அரசர் கதையோடு வரலாறு முடிந்துவிடவில்லை. உங்கள் ஆம்பூரிலேயே, பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுத்தப்பெற்ற நடுகற்கள் கண்டறியப்பட்டன. நுளம்பன் படை வந்து ஆநிரை கவர்ந்தபோது, அதனை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்த மறவர்க்கு நட்ட கற்கள் அவை. அவற்றில் தமிழ் எழுதப்பட்டிருக்கிறது. ஊருக்காக உயிர் விட்டவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. மதில் இல்லாத ஊரை மாந்தரே மதிலாய் நின்று காத்தனர். பெரிய கோட்டைக்குள் உட்பகையால் வீழ்ந்தோர் ஒருபுறம். கோட்டையே இல்லாத சிற்றூரில் ஒற்றுமையால் நின்றோர் மறுபுறம். இவருள் யார் அரணுடையவர்?

இனி, சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழன் கோட்டை கட்டத் தெரியாதவன் அல்லன். கோட்டைக்குச் சொல் இல்லாதவனும் அல்லன். சூழ்ந்த நீர் அகழி, சுற்றுச் சுவர் மதில், மதிலின் உள்மேடை பதணம், மறைந்து நின்று அம்பெய்யும் மதிலுறுப்பு ஞாயில், சிறுவாயில் புழை, கதவின் குறுக்கே இடும் மரம் கணையமரம். காடும் மலையும் நீரும்கூட அரணென்று பிரித்துணர்ந்த மொழி இது. இத்தனை சொல்லும் இருக்க, பேருந்திலிருந்து இறங்கும் குழந்தை ‘போர்ட்டு’ என்கிறது, ‘மியூசியம்’ என்கிறது, ‘கிங்’ என்கிறது. பெற்றோர் மகிழ்ந்து கேட்கின்றனர். இக்குழந்தையின் தலையில் எவரும் வலிந்து தொப்பி வைக்கவில்லை. பெற்றோரே வாங்கி வைத்தனர்! 1806இன் படைஞன் உயிரைக் கொடுத்து மறுத்ததைப் பின்வந்தோர் காசு கொடுத்து வாங்குகின்றனர்.

மொழியே ஓர் இனத்தின் கடைசி அரண். நாடு போனாலும் மொழி நின்றால் இனம் மீளும். மொழி போனால் மீள்வதற்கு ஆளே இராது. அவ்வரணும் வெளிப்பகையால் மட்டும் இடிவதில்லை. உள்ளிருப்போர் கணையமரத்தைத் தாமே கழற்றி வைக்கும்போதுதான் அஃது இடிகிறது.

ஆகவே, அன்பர்களே! அடுத்த முறை வேலூர் செல்லும்போது ஒன்று செய்யுங்கள். செல்லுமுன் வீட்டில் அமர்ந்து இம்மூன்று நிகழ்ச்சிகளையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கோட்டையில் ஒவ்வோரிடத்தையும் தமிழ்ச்சொல்லால் சுட்டிக் காட்டுங்கள். அருங்காட்சியகத்தைக் கடைசியில் அல்ல, முதலில் காணுங்கள். பொழுது சாயுமுன் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கும் செல்லுங்கள். ஊர் திரும்பியபின், ‘கோட்டை ஏன் வீழ்ந்தது?’ என்று குழந்தையைக் கேளுங்கள். ‘உள்ளிருந்தவர்களால்’ என்று அக்குழந்தை விடை சொல்லுமானால், நீங்கள் கொடுத்த பேருந்துக் கட்டணம் வீண்போகவில்லை.

வெல்க தமிழ்!