ஏட்டில் இல்லாதவன் நாட்டில் இல்லையா?



சுவடிகள் கூடம் என்றால் அறிஞர்கள் அமர்ந்து ஆராயும் இடம். கொழுந்து பறிப்போருக்கும் பால் வெட்டுவோருக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை உண்டு. சட்டம் கேட்ட காகிதத்தைக் காட்ட முடியாமல் நாடற்றவரானோர் நம்மவர்.

1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்கு, ஒருவர் இங்கே பிறந்தது மட்டும் போதவில்லை. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. 1949-ம் ஆண்டின் 3-ம் இலக்கச் சட்டமோ, 1946 சனவரி 1-க்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிறுவுக என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் மாண்டவரின் பிள்ளை எதைக் கொண்டு நிறுவுவான்? அவன் பெயர் செக்றோலில் இருந்தது. செக்றோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது. வழக்கு நமது, சான்று பிறர் பெட்டியில்!

2003-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை தந்தது. உரிமை வந்தது, வரலாறு வந்ததா?

பழைய பெர்கூசன் டிரெக்டரியைப் புரட்டுங்கள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் பெயர் உண்டு. ஏக்கர்க் கணக்கு உண்டு. துரைமார் பெயரும் உண்டு. அந்த ஏக்கர்களில் காடு வெட்டிக் கன்று நட்டவர் பெயர் இல்லை. அதைச் செக்றோலிலும் சம்பளக் கணக்கிலும் பிறப்பு இறப்புப் பதிவிலும்தான் தேட வேண்டும்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1992-ல் நிர்வாகம் கம்பனிகளுக்குச் சென்றது. நிலமும் இயந்திரமும் கணக்கெடுத்துக் கைமாறின. பழைய ஏடுகளுக்குப் பொறுப்பாளி யார்? 1977-லும் 1983-லும் வன்செயலுக்கு அஞ்சி இம்மாவட்டங்களின் லயங்களை விட்டோடியோர், பிள்ளைகளைத் தூக்குவார்களா, காகிதப் பெட்டியைத் தூக்குவார்களா?

அரசின் ஏடுகளைக் காக்க 1973-ம் ஆண்டின் 48-ம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாம் கேட்பது இதுவே: தோட்டங்களின் பழைய ஏடுகளும் கறையானுக்கு இரையாகாமல் தேசிய சுவடிகள் கூடத்தைச் சேர வேண்டும். தொழிலாளியின் பேரன் கேட்டால் அவை அவன் கைக்குக் கிடைக்க வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவ்வழியில் ஒவ்வொரு லயத்திலும் பாட்டியின் பாட்டையும் பாட்டன் சொன்ன ஊர்ப்பெயரையும் இளைஞர்கள் எழுதி வையுங்கள். தகரப்பெட்டியில் கிடக்கும் பழைய சீட்டுகளுக்குப் படியெடுங்கள். மூலத்தை எவரிடமும் கொடாதீர்கள். படியைச் சங்கத்தில் சேருங்கள். இனி எந்தச் சட்டம் சான்று கேட்டாலும், அது நம் கையிலேயே இருக்கட்டும்!