கற்பனை வணிகரும் மெய் வணிகரும்

(திருக்கழுக்குன்றத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் இக்காலத்தே வணிகவியல் பயில்கின்றனர். இல்லாத ஒரு கம்பெனியை உண்டெனக் கொண்டு, அஃது இத்துணை முதலிட்டது, இத்துணை இழந்தது, இனி யாது செய்தல் வேண்டும் என வினவும் பயிற்சிகள் அவர்தம் பாடங்களில் மிகுதி. இவ்வாறு கற்பித்தல் தகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இலக்கண உரையாசிரியர்கள் விதியை விளக்குங்கால் சாத்தன் என்றும் கொற்றன் என்றும் பெயரிட்டுக் காட்டுவர். அச்சாத்தன் எவ்வூரினன் என எம்மாணாக்கருள் எவனும் வினவினானல்லன், வினவவும் வேண்டுவதின்று. விதியை விளக்குதற்குக் கற்பனைப் பெயர் போதும். வட்டிக் கணக்கிற்கும் ஐந்தொகைக்கும் அங்ஙனமே.

இனி, அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்றார் தொல்காப்பியர். புறத்திணைக்கு அத்தடை இல்லை. வாணிகத்திற்கும் இது பொருந்துவதாம். நட்டமுற்ற ஒருவரின் பெயரை வகுப்பில் ஓதின், அவர்க்குக் கடன் கொடுப்போர் பின்வாங்குவர். அவர் மகளின் திருமணப் பேச்சும் தடைப்படும். ஆதலின் பெயரை மறைத்தல் அறமேயாகும். ஆயினும், பெயரை மறைத்தல் வேறு. நிகழ்ச்சியையே புனைதல் வேறு.

மதுரையில் 1976 ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். செலுத்தவல்லார் தரும் கட்டணத்தைக்கொண்டு வறியவர்க்கும் பார்வை அளிக்கும் அம்முறையை 1993 இல் அமெரிக்க ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் பாடமாக வரைந்தார். கடலூரில் 1983 இல் சி. கே. ரங்கநாதன் அவர்கள் ரூ. 15,000 முதலுடன் தொழில் தொடங்கி, சிறு பொதிகளில் ஷாம்புவை எளியோர்க்கும் எட்டச் செய்தார். மேசைமுன் அமர்ந்து இவற்றை யாவர் புனைந்திருப்பர்? புனைவோன் தான் முன்னரே அறிந்ததையே எழுதுவான். மெய்ந்நிகழ்ச்சியோ அவன் அறியாததையும் கற்பிக்கும்.

நம் வேதகிரி மலையடியில் ஒரு கடை உண்டெனவும், நண்பகலில் கழுகு காண வரும் கூட்டத்தால் அது செழிக்கின்றதெனவும் ஒருவர் பாடம் புனைவதாகக் கொள்வோம். கழுகுகள் வாராதொழிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. மெய்க்கடைக்காரர் இதனைத் தம் கல்லாப்பெட்டியாலேயே அறிந்திருப்பர். கற்பனைக் கடையிலோ கூட்டம் இன்றும் குறையாது! அப்பாடத்தை மெய்யென நம்பி, தந்தையின் நிலத்தை ஈடுவைத்து ஒரு பிள்ளை கடை திறப்பானாயின், அந்நட்டம் கற்பனையாகுமோ?

எனவே ஆசிரியர்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். புனைந்ததனைப் புனைந்ததென முதலிலேயே கூறுக. விலையும் வாடகையும் கூலியும் கடைத்தெருவிற் கேட்டறிந்து அமைக்க. புனைந்த கம்பெனியின் வெற்றியை ஒரு கொள்கைக்குச் சான்றாகக் காட்டற்க; அது விளக்கமேயன்றிச் சான்றாகாது.

வணிகம் புரியும் நம்மவர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் பழைய பேரேடுகளைப் பெயர் மறைத்து நம் மாணாக்கர்க்குக் காட்டுங்கள். கொள்முதலில் பிழைத்ததும், கடன் வாராது போனதும், பின்னர் எழுந்து நின்றதும் அவற்றில் உள்ளன. நம் பிள்ளைகட்கு அவற்றினும் சிறந்த பாடநூல் வேறு யாது?