புளி போட்டுத் தேய்க்காதீங்க!

இன்னைக்குப் பேசப்போறது ரொம்பச் சின்ன விஷயம். பேட்டரியையும் மாடலையும் சேர்க்கிற அந்த மஞ்சள் கனெக்டர், எக்ஸ்டி60.

போன மாசி மாசம். பாபநாசம் பக்கம் சம்பா அறுத்த வயல்ல என் ஃபோம் விமானம் பறந்துக்கிட்டு இருந்துச்சு. தஞ்சாவூர்ல விமானப்படைத் தளம் இருக்கறதால டவுன் பக்கம் நான் பறக்க விடுறதில்லை. நல்லாப் போய்க்கிட்டிருந்தது, திடீர்னு மோட்டார் நின்னுச்சு, ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளியும் அசையலை. நேரா தாள் குத்துக்குள்ள போய் விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா பேட்டரி ஃபுல். கனெக்டர்தான் லொடலொடன்னு ஆடுது, முனை கருத்திருக்கு.

அந்தக் கருப்புக்குக் காரணம் நானேதான், ஒரு வருஷம் முன்னாடி செஞ்ச வேலை. பாட்டி வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சா தங்கமா மின்னும். லேசா அழுக்கு தெரியுதேன்னு நானும் அதையே செஞ்சேன், கூடவே உப்புத்தாள் வேற.

பித்தளைக்கு அது சரி. மேல படிஞ்ச கறையைப் புளியோட அமிலம் கரைச்சிடும், உள்ளேயும் பித்தளைதான். கனெக்டர் அப்படி இல்லை. மேல மெல்லிசா தங்க முலாம். தங்கம் சாதாரணமா கறுக்காது. அப்போ கருப்போ பச்சையோ தெரிஞ்சா, பெரும்பாலும் முலாம் போய் அடி உலோகம் வெளிய வந்துடுச்சு, இல்ல தீப்பொறி சுட்டிருக்குன்னு அர்த்தம். தேய்க்கத் தேய்க்க மிச்ச முலாமும் போயிடும்.

தீப்பொறி ஏன் வருது? ஸ்பீடு கன்ட்ரோலர்ல இருக்கிற கெப்பாசிட்டர் காலியா இருக்கும். பேட்டரி தொட்ட நொடியில மின்சாரம் பாய்ஞ்சு போய் அதை நிரப்பும். ஒவ்வொரு தடவையும் முனையில ஒரு சின்னக் குழி. பெரிய பேட்டரிக்கு எக்ஸ்டி90-எஸ் மாதிரி, உள்ளேயே ரெசிஸ்டர் வச்ச கனெக்டர் போடுறது இதுக்குத்தான்.

கணக்கு பாருங்க. தேஞ்ச இணைப்புல 5 மில்லி ஓம் தடை, 40 ஆம்பியர் ஓட்டம்னா, அந்த ஒரு இடத்துல மட்டும் 8 வாட் சூடு. பிளாஸ்டிக் இளகும், பிடி இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும்.

என்னோடது பொம்மை, வயல்ல விழுந்துச்சு, போச்சு. ஆனா இப்ப நம்ம டெல்டா வயல்ல மருந்தடிக்கிற ட்ரோனுக்கும் இதே கதைதான். ஒரு நாள்ல எத்தனை தடவை பேட்டரி மாத்துறாங்க, அதுவும் மருந்துச் சாரல் பட்ட கையோட! 10 லிட்டர் மருந்தோட அது வரப்புல நிக்கிறவர் தலையில விழுந்தா?

அதனால இறக்கினதும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்க. ஒயரை விட அது சூடா இருந்தா சந்தேகப்படுங்க. வெறும் அழுக்குன்னா, பேட்டரியைக் கழட்டிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும், நல்லா காயவிட்டு மாட்டுங்க. ஆடினாலோ கறுத்தாலோ புதுசு மாத்திடுங்க. பேட்டரி பக்கம் சால்டர் பண்ணும்போது ஒரு நேரத்துல ஒரு ஒயர் மட்டும். ரெண்டும் தொட்டா கதை முடிஞ்சுது.

புளியைக் குழம்புக்கு வச்சுக்குங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.