ஊரைக் கேட்டீர்களா?



2025 ஜூன். திருப்புவனம் பக்கம் மடப்புரம். நகை காணோம் என்று ஒரு புகார். கோயில் காவலாளியை விசாரிக்கச் சீருடை போடாத தனிப்படை போனது. விசாரிக்கப்பட்டவன் 28ஆம் தேதி பிணம்! ஐந்து போலீஸார் கைது, சி.பி.ஐ. விசாரணை, பெற்றவளிடம் முதலமைச்சர் போனில் 'சாரி'. எல்லாம் ஆச்சு. நான் கேட்பது வேறு. அந்தப் படைக்கு ஆளை எதைப் பார்த்துப் பொறுக்கினீர்கள்? ஊரைக் கேட்டீர்களா?

காவலர் தேர்வுக்குப் போன தம்பிகள் இங்கே இருப்பீர்கள். மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5. 1500 மீட்டர் ஓட்டம். கயிறு ஏறணும். ஏறட்டும், வேண்டாமென்றா சொன்னேன்? அழுதுகொண்டு ஸ்டேஷனுக்கு வரும் கிழவியை உட்காரச் சொல்வானா என்று எந்த மைதானத்தில் பார்த்தீர்கள்? வேலை கொடுக்கும்முன் நடத்தை விசாரிக்க ஒரே ஒரு தடவை தெருவுக்கு வருகிறார்கள். அப்புறம் அவன் ஏட்டாகி, எஸ்.எஸ்.ஐ. ஆகி, ரிட்டையர் ஆகும்வரை ஊரைக் கேட்டீர்களா?

எங்கள் பக்கம் ஒரு ஏட்டையா இருந்தார். வரப்புத் தகராறை டீக்கடை பெஞ்சிலேயே முடித்துவிடுவார். அதனால் அவர் கணக்கில் கேஸும் இல்லை, ரெக்கவரியும் இல்லை, ரிவார்டும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டது ஊர்ச்சனம்தான்.

ரிவார்டு யாருக்குப் போனது? 2004இல் வீரப்பன் சுடப்பட்டான். அவனைத் தேடிய அதிரடிப்படையில் எல்லாருக்கும் ஒரு படி பதவி உயர்வு, 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை. உடனே அறிவிப்பு! அதே அதிரடிப்படை வேட்டையில் அடிபட்ட மலைக் கிராமத்துச் சனங்களில் 89 பேருக்கு இழப்பீடு கொடு என்று மனித உரிமை ஆணையம் சொன்னது 2007இல். வேட்டைக்குப் போனபோதும் சரி, பதவி கொடுத்தபோதும் சரி, ஊரைக் கேட்டீர்களா?

மக்களோடு பழகத்தான் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' வைத்தோமே என்பார்கள். 1993இல் ராமநாதபுரத்தில் முளைத்தது, 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு முடக்கப்பட்டது. போலீஸ்காரனுக்குப் பழகச் சொல்லித் தராமல், பொதுசனத்தில் நாலு பேருக்கு டி-ஷர்ட் மாட்டினால் ஆச்சா?

டி.வி.யில் மீசை முறுக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், கேள்வி கேட்டால் காவலர் மனவலிமை குறையும் என்கிறார்கள். அடிக்காவிட்டால் குறையும் வலிமை என்ன வலிமை ஐயா? ஊரைக் கேட்டால் சாராயக்காரன் மார்க் போடுவானாம்! அவன்தான் மாசாமாசம் போடுகிறானே!

பதவி உயர்வுப் பட்டியலுக்கு முன், வேலை பார்த்த ஊரில் கடைக்காரரை, ஆட்டோ ஓட்டுபவரை, காலனிச் சனத்தை, புகார் கொடுத்த பெண்ணைக் கேள். அவர்கள் சொன்னதைப் பணிப்பதிவேட்டில் எழுது. இதைக் கேட்கும் மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.