கணினியில் தொலைக்காட்சி

ஒரு காலத்தில் நம் கிராமங்களில் ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டிதான் இருந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் அதை வைத்திருப்பார்கள். மாலையில் ஊரார் கூடி அமர்ந்து கேட்பார்கள். பெட்டி ஒன்று; கேட்கும் செவிகளோ நூற்றுக்கணக்கு. இந்தச் சிக்கனமான ஏற்பாட்டைப் போன்ற ஒன்றைப் பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் சிலர் தொலைக்காட்சிக்குச் செய்தார்கள். அவர்கள் செய்த கருவி இன்று உலகெங்கும் கணினிகளில் இயங்குகிறது.

பாரிஸ் நகரின் புறத்தே, ஷாத்னே-மலாப்ரி என்னும் ஊரில், அந்நாளில் 'எக்கோல் சாந்த்ரால் பாரி' என்ற பொறியியல் கல்லூரி இருந்தது. விடுதிக் கணினிகளை இணைக்கும் வலையை மாணவர்களே நடத்தி வந்தார்கள். அது மிகவும் மெதுவாக வேலை செய்தது. விளையாட்டுக்காக விரைவான வலை வேண்டும் என்று கேட்டால் யார் பணம் கொடுப்பார்கள்? 1996-ஆம் ஆண்டில் நல்ல காரணம் ஒன்று கிடைத்தது. அறைக்கு அறை ஒரு செயற்கைக்கோள் ஆன்டெனா வைப்பதற்குப் பதிலாக, கூரைமேல் ஒன்றை மட்டும் நிறுத்தி, அது வாங்கும் காட்சியை வலைவழியே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பலாமே! இவ்வாறு 'வீடியோலேன்' என்னும் திட்டம் தொடங்கியது. நாம் இன்று வி.எல்.சி. என்று அழைக்கும் மென்பொருள் அதில் பிறந்ததே.

இது எளிய காரியமன்று. ஐரோப்பியத் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படங்கள் ஓடும். ஒவ்வொரு படத்திலும் வரிசைக்கு 720 புள்ளிகளாக 576 வரிசைகள், அதாவது நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் 24 பிட்டுகளால் எழுதினால், நொடிக்கு ஏறக்குறைய 25 கோடி பிட்டுகள் ஆகும். இவ்வளவையும் அப்படியே அனுப்ப இயலாது. ஆனால் செய்தி வாசிப்பவரைப் பாருங்கள். அவருடைய உதடு அசைகிறது. பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. அசையாத சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். 'எம்பெக்-2' என்னும் முறை இத்தகைய உபாயங்களால் நொடிக்குச் சில பத்து லட்சம் பிட்டுகளாகக் காட்சியைச் சுருக்கிவிடுகிறது. சுருங்கி வந்ததை விரித்துத் திரையில் காட்டுவதே வி.எல்.சி.யின் வேலை.

ஒரே காட்சியை நூறு பேர் பார்த்தால் நூறு பிரதிகள் அனுப்ப வேண்டுமா? வேண்டியதில்லை. மதகிலிருந்து ஒரே வாய்க்காலாகப் புறப்படும் நீர் வயலுக்கு வயல் பிரிவதுபோல, ஒரே பிரதி புறப்பட்டு, வலை கிளைக்கும் இடத்தில் மட்டும் பிரியும்படி செய்யலாம். நீர் பிரியப் பிரியக் குறையும், இது குறைவதில்லை.

நேரடிக் காட்சி வழியில் தடைப்படவும் கூடும். ஆகவே மென்பொருள் சிறிது காட்சியை முன்கூட்டியே சேமித்துக்கொண்டு, பிறகு காட்டுகிறது. கணினியில் கிரிக்கெட் பார்க்கிறவருக்கு முன்பே அடுத்த வீட்டார் ஆரவாரம் செய்வதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். மாணவர்கள் கல்லூரியில் நிலையாகத் தங்குபவர்கள் அல்லர். படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்கள் செய்த நல்ல வேலைகள் பல அலமாரிகளில் உறங்கிப்போவதை நாம் எங்கும் காண்கிறோம். வி.எல்.சி.யும் அவ்வாறே மறைந்திருக்கலாம். ஆனால் அதைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினார்கள், கல்லூரியும் இசைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் அது வெளியாயிற்று.

அந்த உரிமத்தின் பொருள் என்ன? யாரும் அதைப் பயன்படுத்தலாம், உள்ளே இருக்கும் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். திருத்தியதை வழங்குகிறவர், தம் திருத்தத்தின் மூல நிரலையும் அதே உரிமையோடு தர வேண்டும். கட்டணமற்றது வேறு, கட்டற்றது வேறு. விலையின்றிக் கிடைக்கும் பொருளின் உள்ளே பூட்டு இருக்கலாம். கட்டற்ற மென்பொருளில் அந்தப் பூட்டு இல்லை. முதலில் எழுதியவர்கள் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னும், முகமறியாத பலர் வந்து அதை வளர்த்ததற்குக் காரணம் இதுவே.

இம்மென்பொருளால் நீங்களும் நேரடிக் காட்சி காணலாம். ஒரு நிலையம் தன் ஒளிபரப்பின் வலைமுகவரியை வெளியிட்டிருந்தால், அதை வி.எல்.சி.யில் இட்டால் போதும். வானலையில் எண்முறை ஒளிபரப்பு கிடைக்கும் இடங்களில், தக்க ட்யூனர் ஒன்றைக் கணினியில் இணைத்தும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கருவி கட்டற்றது என்பதால், அதில் ஓடும் நிகழ்ச்சிகள் எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடா. கட்டணம் கேட்கும் நிகழ்ச்சியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது சுதந்தரம் ஆகாது.

வி.எல்.சி.யின் சின்னம், சாலை செப்பனிடும் இடங்களில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு. அம்மாணவர்கள் விளையாட்டாகச் சேர்த்து வைத்திருந்த கூம்புகளின் நினைவு அது. 'இங்கே வேலை நடக்கிறது' என்று அறிவிக்கும் அடையாளமும் அதுதானே! அந்த வேலை இன்னும் முடியவில்லை. காட்சியைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், அது எவ்வாறு வருகிறது என்று உள்ளே புகுந்து பாருங்கள். கதவு திறந்தே இருக்கிறது.