கோடு இல்லாத இடத்திலும் சட்டம் உண்டு

(செம்பரம்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



பூந்தமல்லி, சென்னை போகும்போது பிளாட்பார ஓரக்கல்லில் பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது அழகுக்கு இல்லை. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி இருந்தால், ராத்திரியில் ஓரக்கல் கண்ணில் படணும் என்பதற்காக. மஞ்சள் கோடு இருந்தால் அங்கே வண்டி நிறுத்தக் கூடாது. நீல வட்டப் பலகையின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போனால் வண்டியை விட்டுட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி இருந்தால் சும்மா நிற்கவும் கூடாது.

"இதெல்லாம் டவுனுக்குத்தானே, நம்மூரில் ஏது கோடு?" என்று கேட்பீங்க. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 122-ஆவது பிரிவு, டவுன் கிராமம் என்று பிரிக்கவில்லை. பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டி நிறுத்துவது எங்கேயும் தப்பு. பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், வளைவு, நடைபாதை, இங்கெல்லாம் கோடு இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. முதல் தடவை அபராதம் 100 ரூபாயாக இருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி 500 ரூபாய் வரை உயர்த்தினார்கள்.

இது நமக்கு எதுக்கு? பெங்களூரு நெடுஞ்சாலையிலும் ஒரகடம் ரோட்டிலும் ஓரத்தை லாரியும் டிரெய்லரும் அடைத்துக்கொண்டால், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நம்ம பொண்ணுங்க ரோட்டுக்குள்ளே இறங்கணும். விடியற்காலை இருட்டில், லாரி மறைவிலிருந்து வருகிறவங்க பின்னால் வரும் வண்டிக்காரருக்குத் தெரிய மாட்டாங்க.

"லாரி நின்னாத்தான் என் டீக்கடை ஓடும்" என்று சொல்லும் அக்காவின் பேச்சிலும் நியாயம் இருக்கு. டிரைவருக்கும் சோறும் தூக்கமும் வேணும். அதனால் விரட்டச் சொல்லவில்லை. ரோட்டை விட்டு ஒதுங்கின இடத்தில் லாரி நிறுத்த வசதி கேட்போம். கடையும் அங்கே ஓடும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நம்ம வீட்டு பைக், ஆட்டோவை முதலில் நகர்த்துவோம்.

ஒரு வாரம் பாருங்க. எந்த இடம், எந்த நேரம், எத்தனை வண்டி என்று தீர்மான நோட்டில் எழுதுங்க. அதை கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்க. 2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் ஆபத்தாக வண்டி நின்றால் உடனே 1033-க்குப் போன் பண்ணுங்க.

டிரைவரிடம் தனியாக நின்று சண்டை போடாதீங்க. குழுவாகக் கேளுங்க, எழுத்தில் கேளுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாங்க.