டைனோ இல்லாம வீட்டிலேயே ட்யூனிங்: ஓட்டை விழுந்த பிஸ்டன் சொன்ன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இன்னிக்கு கையில ஒரு பொருளை வெச்சுக்கிட்டுப் பேசறேன். ஒரு பிஸ்டன். மாருதி 800 வண்டியோடது. மேல்பக்கம் ஓரத்துல, சுண்டுவிரல் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. அலுமினியம் உருகி, மெழுகுவர்த்தி வழிஞ்ச மாதிரி இருக்கு. இந்த ஓட்டையைப் போட்டது வேற யாரும் இல்ல, நான்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நிறைய தன்னம்பிக்கையும் வெச்சு.

கதை இதுதான். அப்பாவோட பழைய 800, கார்பரேட்டர் மாடல். 796 சிசி, மூணு சிலிண்டர். காலேஜ் முடிச்ச கையோட அதுல கை வெச்சேன். ஓபன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். அப்புறம் ஹெட்டைக் கழட்டி லேத்துல கொடுத்து, ஃபேஸிங் பண்ணி கம்ப்ரெஷனை ஏத்தினேன். பூட்டினதும் ட்யூனிங். எப்படி? காதால கேட்டுத்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பறது, ஓட்டிப் பாக்கறது, "ஆ, இழுக்குது"ன்னு சந்தோஷப்படறது. அவ்ளோதான்.

ஒரு விஷயம் அப்போ எனக்குத் தெரியாது. காத்து அதிகமா, பெட்ரோல் கம்மியா போற எஞ்சின், அதாவது லீனா ஓடற எஞ்சின், சில நேரம் நல்லா சுறுசுறுப்பா இருக்கற மாதிரியே தோணும். நம்ம உடம்பை நம்பி ட்யூன் பண்ணா, அது நம்மளை நேரா ஆபத்துப் பக்கம் கூட்டிட்டுப் போகும்.

கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போற வழி. மதிய வெயில், வண்டியில நாலு பேர். டாப் கியர்ல மிதிச்சா, டப்பாவுல சில்லறையைக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். நான் என்ன பண்ணேன்? பாட்டு சவுண்டைக் கூட்டினேன். கொஞ்ச தூரத்துல பின்னாடி ஒரே புகை. வண்டி ரெண்டு சிலிண்டர்ல நொண்டுது.

எஞ்சினைப் பிரிச்ச மெக்கானிக் அண்ணன் பிஸ்டனை என் கையில கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "தம்பி, வண்டி உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கு. நீதான் கேக்கல."

அந்தச் சில்லறைச் சத்தம் என்ன?

பிளக் தீப்பொறி விட்டதும், தீ ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் வரிசையா பரவணும். ஆனா சூடும் அழுத்தமும் தாங்காம, தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே மிச்சக் கலவை தானா பத்திக்கிட்டா, அதுதான் நாக்கிங். கம்ப்ரெஷன் கூடினா, டைமிங் ரொம்ப அட்வான்ஸ் ஆனா, கலவை லீன் ஆனா, இது வரும். நான் மூணையும் ஒரே நேரத்துல பண்ணியிருந்தேன். புத்திசாலி!

சரி, அப்போ டைனோ இல்லாம வீட்டுல ட்யூன் பண்ணவே கூடாதா? பண்ணலாம். இப்போ அதே வண்டியை நான்தான் ட்யூன் பண்றேன். ஆனா ஒரு வரிசை இருக்கு. அதை மாத்தக் கூடாது.

முதல்ல உடம்பு, அப்புறம் வேகம்

கார்பரேட்டரைத் தொடறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணுங்க. மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒண்ணு மட்டும் கீழ இருந்தா, அங்கயே நிறுத்துங்க. நோய் இருக்கற எஞ்சினை ட்யூன் பண்ண முடியாது. வால்வ் கிளியரன்ஸ், பிளக் இடைவெளி, ஹோஸ் லீக் எல்லாம் பாத்துடுங்க. ஒரு வேக்கம் கேஜ் வாங்கி இன்டேக்ல மாட்டுங்க. நல்ல எஞ்சின் ஐடிலிங்ல 17-ல இருந்து 21 இஞ்ச் வரைக்கும் காட்டும். அளவை விட முக்கியம், முள் ஆடாம நிக்கணும்.

அடுத்தது டைமிங். டைமிங் லைட் வெச்சுப் பாருங்க, காதை வெச்சு இல்ல. கம்பெனி சொன்ன அளவுல ஆரம்பிங்க. என்ன மாதிரி கம்ப்ரெஷன் ஏத்தினவங்க அதுல இருந்து ரெண்டு டிகிரி குறைச்சே ஆரம்பிங்க.

பெட்ரோல் கடைசி. அதுவும் எப்பவும் ரிச் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். அளவுக்கு மேல பெட்ரோல் போனா பிளக் கறுக்கும், மைலேஜ் போகும். கம்மியா போனா பிஸ்டன் போகும். எந்தத் தப்பு மலிவுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஒரே ஒரு கருவிக்குச் செலவு பண்ணணும்னா

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் பைப்புல ஒரு நட்டு வெல்டு பண்ணி மாட்டறது. சென்சார் தலை மேல்பக்கமா சாஞ்சு இருக்கணும், இல்லேன்னா உள்ள தேங்கற தண்ணி பட்டு வெடிச்சிடும். அதுக்கு முன்னாடி பைப்புல எங்கேயும் லீக் இருக்கக் கூடாது. வெளிக்காத்து உள்ள போனா பொய்யா லீன் காட்டும். மிஸ்ஃபயர் ஆனாலும் அப்படித்தான் காட்டும், ஏன்னா எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளிய வருது.

சுத்தமான பெட்ரோல் முழுசா எரிய, 1 பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும். அதைத்தான் லாம்டா 1-ன்னு சொல்றோம். நிதானமா போறப்போ அது பக்கத்துல இருக்கலாம். ஆனா முழுசா மிதிக்கறப்போ 0.85-ல இருந்து 0.88 வரைக்கும், அதாவது ரிச் பக்கம் இருக்கணும். அந்த உபரி பெட்ரோல்தான் உள்ள சூட்டைக் குறைக்குது.

இங்க நம்ம ஊரு விஷயம் ஒண்ணு. இப்போ பங்க்ல கிடைக்கறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கறதால, இதுக்கு 13.5 பங்கு காத்து போதும். புது வண்டியில கம்ப்யூட்டர் தானா சரி பண்ணிக்கும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதே ஜெட், அதே அளவு பெட்ரோல், ஆனா எஞ்சின் முன்ன விட சுமார் 8 சதவீதம் லீன். நீங்க எதையுமே மாத்தலேன்னாலும் வண்டி லீன் பக்கம் நகர்ந்துடுச்சு. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அது நாக்கிங்குக்கு எதிரா கொஞ்சம் உதவும். ஆனா அதை நம்பி ஜெட்டை விட்டுடாதீங்க. பழைய ரப்பர் ஹோஸையும் மாத்திடுங்க.

ஜெட் கணக்கு ரொம்ப சுலபம். பல கார்பரேட்டர்கள்ல 100-ம் நம்பர்னா 1 மில்லிமீட்டர் ஓட்டை. பெட்ரோல் போறது ஓட்டையோட பரப்பைப் பொறுத்து. அதனால 100-ல இருந்து 104-க்குப் போனாலே 8 சதவீதம் கூடிடும். டிரில் பிட் வெச்சு ஓட்டையைப் பெருசாக்காதீங்க. அது நானும் பண்ணதுதான், அளவே நிக்காது.

வைட்பேண்டுக்குக் காசு இல்லையா? புகைப் பரிசோதனை சென்டருக்குப் போங்க. அவங்க கொடுக்கற ரசீதுல கார்பன் மோனாக்ஸைடு சதவீதம் இருக்கும். ஐடிலிங் கலவை சரியான்னு பாக்க, அது நிஜமான மெஷின் அளவு. ஆனா ஐடிலிங்குக்கு மட்டும்தான். பிளக்கைக் கழட்டியும் பாருங்க. வெள்ளைப் பீங்கான்ல மினுமினுன்னு வெள்ளிப் பொட்டு தெரிஞ்சா, அது பிஸ்டன் உருகின அலுமினியம். அன்னிக்கு வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

ஒரு நோட்டு வெச்சுக்கோங்க. ஒரு மாற்றம், ஒரு ஓட்டம், ஒரு வரி. பவர் கூடிச்சான்னு பாக்க, மூணாவது கியர்ல 40-ல இருந்து 80 போக எத்தனை செகண்டுன்னு பக்கத்து சீட்டு நண்பர் வீடியோ எடுக்கட்டும். ரெண்டு திசையிலும் ஓட்டி சராசரி எடுங்க. டைமிங்கை ஏத்தியும் நேரம் குறையலேன்னா, பழைய இடத்துக்கே திரும்பிடுங்க.

இதை ரோட்டுல பண்ணாதீங்க. கோவையில கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சென்னைக்காரங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில தெளிவா சொல்லிடுச்சு.

கடைசியா, ரொம்ப முக்கியமா. மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓட விட்டு ட்யூன் பண்ணவே பண்ணாதீங்க. ரிச்சா ஓடற எஞ்சின் கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். வாசனை கிடையாது, தலை சுத்தறதுக்குள்ள ஆளைச் சாய்ச்சிடும். எஞ்சின் ஆறின பிறகு மட்டும் ஜெட்டைக் கழட்டுங்க, தீயணைப்பான் பக்கத்துல இருக்கட்டும். பிஸ்டன் போனா வேற வாங்கிக்கலாம்.

என் 800 இப்போ முன்ன மாதிரி பறக்காது. ஆனா பொள்ளாச்சிக்கு நாலு பேரோட போய்த் திரும்பி வருது, சத்தமே இல்லாம. பாட்டு போடறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் எஞ்சினை மட்டும் கேட்டுக்கிட்டு ஓட்டறேன். நீங்களும் இன்னிக்கு ஒரு தடவை அப்படி ஓட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.